பின்னாடி தொங்கினா காத்து அடிச்சா போதுமா?

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது. பிக்கப் ட்ரக்குக்கு அடியில படுத்து நான் செஞ்ச ஒரு வேலையையும், அதை வச்சு நான் போட்ட ஒரு தப்புக் கணக்கையும் பத்திப் பேசப் போறேன். ஊர்ல இருந்து கேக்கறவங்களுக்கு ஒரு வரி: இங்க டெக்சாஸ்ல பிக்கப் வச்சிருக்கறவங்க வார இறுதியில பின்னாடி ஒரு கேம்பர் ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு ஸ்டேட் பார்க் பக்கம் கிளம்பிடுவாங்க. நாங்களும் அந்த ஜோதியில ஐக்கியமாயிட்டோம். ஒரு பழைய ஃபோர்டு எஃப்-150, அதுக்குப் பின்னாடி ஒரு பழைய கேம்பர்.

முதல் பயணம் டல்லாஸ்ல இருந்து பாலோ டூரோ கேன்யன். நானும் மனைவியும் மட்டும்தான். விச்சிடா ஃபால்ஸ் தாண்டி 287-ல போறப்ப காத்து பக்கவாட்டுல அடிக்குது. ஒரு பெரிய லாரி ஓவர்டேக் பண்ணுது. ட்ரெய்லர் வாலாட்டுற மாதிரி ஆடுச்சு, ஸ்டியரிங் கையில இல்லாத மாதிரி லேசாயிடுச்சு. நாலஞ்சு செகண்டுதான். ஆனா அதுக்கப்புறம் அரை மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. கேம்ப்ல நிறுத்திட்டுப் பாத்தா, வண்டியோட பின்பக்கம் தரையைத் தொடற மாதிரி தொங்குது, மூக்கு வானத்தைப் பாக்குது. சரி, வியாதி இதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

மருந்தும் உடனே கிடைச்சுது. ஏர் பேக் கிட். நம்ம ஊர்ல லோடு அதிகமானா கமான் பட்டை ஒண்ணு கூடப் போடுவாங்களே, அதோட வேலைதான். இங்க பட்டைக்குப் பதிலா ரெண்டு ரப்பர் பை. சட்டத்துக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல, பக்கத்துக்கு ஒண்ணா உக்காரும். லோடுக்கு ஏத்த மாதிரி காத்து அடிச்சுக்கலாம்.

நண்பர் வீட்டு கராஜ்ல ஒரு சனிக்கிழமை மாட்டினோம். வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில ஸ்டாண்ட் குடுத்து, ஆக்சிலைக் கீழ தொங்க விடணும். வெறும் ஜாக்கை நம்பி அடியில போகவே கூடாது. ஏற்கனவே இருக்கற ரப்பர் பம்ப் ஸ்டாப்பைக் கழட்டினா அந்த இடத்துல மேல் பிராக்கெட் உக்காருது. கீழ் பிராக்கெட்டை ஆக்சிலோட பிடிக்கணும். பிரேக் லைன் எங்கயும் நசுங்கக் கூடாது, காத்துக் குழாய் சைலன்சர் பைப் பக்கம் போகக் கூடாது. ரெண்டு பைக்கும் தனித்தனி வால்வு வச்சோம். ஒரே வால்வுல இணைச்சா, வளைவுல திரும்பறப்ப லோடு ஏறுற பக்கத்துக் காத்து அடுத்த பக்கம் ஓடிடும், வண்டி இன்னும் சாயும்.

மறுநாள் காலையில பாத்தா இடது பை சப்பையா கிடக்குது. காரணம் நான்தான். குழாயை சமையல் கத்தரிக்கோலால வெட்டியிருந்தேன். வாய் முட்டை வடிவத்துல நசுங்கி, ஃபிட்டிங்ல சரியா உக்காரல. சோப்புத் தண்ணி விட்டதும் குமிழி குமிழியா வருது. கூர்மையான பிளேடால நேரா வெட்டிச் சொருகினதும் நின்னுடுச்சு. இன்னொண்ணு, லோடு இல்லாதப்பவும் பையில 5 பிஎஸ்ஐ-யாவது இருக்கணும். காலியா விட்டா ரப்பர் மடிஞ்சு கிழிஞ்சுடும்.

காத்து அடிச்சதும் வண்டி சும்மா ஸ்கேல் வச்ச மாதிரி நேரா நின்னுது. போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டாச்சு. ஒரு தடவை லேக் டெக்சோமா வரைக்கும் போயிட்டு வந்தோம். ஸ்டியரிங் அதே மாதிரிதான் லேசா இருந்துச்சு. அதை நான் கண்டுக்கவே இல்ல. வண்டிதான் நேரா இருக்கே!

ஜூன்ல அப்பா அம்மா வந்தாங்க. அவங்களையும் பாலோ டூரோ கூட்டிட்டுப் போறதா பிளான். எங்க அப்பா ரிட்டயர்டு பேங்க் கிளார்க், சோப்பு டப்பாவுல எழுதியிருக்கறதைக் கூட விடாம படிக்கற ஆள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தவர் அங்கயே குனிஞ்சு நின்னுட்டார்.

"ஏம்ப்பா, ஆளும் சாமானும் சேந்து 1,480 பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கே. அப்ப அந்த ட்ரெய்லர்?"

"அதைத் தனியா இழுக்கறோம்ப்பா. அது இதுல வராது."

"அது மூக்கு நம்ம வண்டி மேலதானே உக்காந்திருக்கு?"

அங்கதான் மாட்டினேன். ட்ரெய்லர் ஹிட்ச் மேல அழுத்தற எடை, அதாவது டங் வெயிட், பொதுவா ட்ரெய்லர் எடையில 10-ல இருந்து 15 சதவீதம். நிரப்பின எங்க ட்ரெய்லர் 5,800 பவுண்டு, அப்ப மூக்கு சுமார் 700. நாங்க நாலு பேரும் சேந்து 605. பின்னாடி ஜெனரேட்டர், கூலர், அடுப்புன்னு 200. ஏர் பேக் கிட்டே 25, ஏன்னா பின்னாடி மாட்டற எல்லாமே அந்த 1,480-ல இருந்துதான் கழியும். மொத்தம் 1,530. பெட்டி மேல 5,000 பவுண்டுன்னு போட்டிருந்தது அந்தப் பை தாங்கற எடை. வண்டியோட ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எதுவும் ஒரு பவுண்டு கூட அதிகமா தாங்கப் போறதில்ல.

ஸ்டியரிங் லேசானதுக்குக் காரணம் ஸ்கூல்ல படிச்ச நெம்புகோல்தான். ஹிட்ச் பந்து பின் ஆக்சிலுக்கு சுமார் 5 அடி பின்னாடி, ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல 12 அடி. பின்னாடி 700 பவுண்டு வச்சா, முன் சக்கரத்துல இருந்து சுமார் 290 பவுண்டு தூக்கிடும், பின் ஆக்சில் மேல 990 ஏறும். காத்து அடிச்சா பின்பக்கம் உயரும், அவ்வளவுதான். தூக்கின அந்த 290 முன்னாடி திரும்பி வராது. ப்ரொடக்‌ஷன்ல அலர்ட் அடிக்குதுன்னு அலர்ட்டை மியூட் பண்ணிட்டு, டேஷ்போர்டு பச்சையா இருக்குன்னு ஸ்கிரீன்ஷாட் போட்ட கதைதான். இதே வேலையை ஆபீஸ்ல ஒரு ஜூனியர் செஞ்சிருந்தா நான் அரை மணி நேரம் கிளாஸ் எடுத்திருப்பேன்.

எடையை முன்னாடி தள்ளறதுக்குத் தேவை வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். ரெண்டு ஸ்பிரிங் பாரை முறுக்கி, ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கும் ஒரு பங்கை ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளிவிடும். அதுவே 90 பவுண்டு. ஆக நாங்க 140 பவுண்டு ஓவர்.

ட்ரெய்லர்ல முன்பக்கம் இருந்த 40 கேலன் தண்ணி டேங்கைக் காலி பண்ணினோம். அதுல மட்டும் 330 பவுண்டுக்கு மேல போச்சு. ஜெனரேட்டர் வீட்லயே நின்னுது. சாமானை எல்லாம் ட்ரெய்லருக்குப் பின்னாடி அடைச்சா மூக்கு எடை இன்னும் குறையுமேன்னு அப்பா கேட்டார். கூடாது. பின்னாடி கனம் ஏற ஏற ட்ரெய்லர் இன்னும் மோசமா ஆடும். அதனால ட்ரெய்லர் ஆக்சிலுக்கு மேலயே அடுக்கினோம்.

அப்புறம் லாரிங்க நிக்கற ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்ல மூணு தடவை எடை போட்டோம். ட்ரெய்லரோட பாரை மாட்டி ஒண்ணு, பார் இல்லாம ஒண்ணு, வண்டி மட்டும் ஒண்ணு. கடைசி ரெண்டுக்கும் நடுவுல ட்ரக்கோட ரெண்டு ஆக்சில்லயும் வர்ற வித்தியாசம்தான் டங் வெயிட். 640 வந்துச்சு. ட்ரெய்லர் 5,480, அதாவது 11 சதவீதத்துக்கு மேல. பார் மாட்டினதும் முன் ஆக்சில்ல இழந்ததுல பாதிக்கு மேல திரும்பி வந்துது. பையில 5 பிஎஸ்ஐ மட்டும் வச்சு ஹிட்சை செட் பண்ணிட்டு, மிச்சம் இருந்த சின்ன சரிவுக்கு மட்டும் காத்து ஏத்தினேன். முதல்லயே காத்தை ஏத்திட்டா பின்பக்கம் தூக்கி நின்னுக்கும், பாரை எவ்வளவு முறுக்கணும்னு தெரியாது. இது என் வண்டிக்கு நான் செஞ்சது. உங்க ஹிட்ச், கிட், வண்டி மூணோட கையேட்டையும் முதல்ல படிங்க.

287-ல அதே காத்து, அதே லாரிங்க. ட்ரெய்லர் லேசா அசைஞ்சுது, ஸ்டியரிங் கையிலயே இருந்துது. அப்பா பின் சீட்ல தூங்கிட்டே வந்தார்.

கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா கூட்டிப் பாத்தப்ப 1,420 வந்துது. "60 பவுண்டு மிச்சம் இருக்குல்ல, அப்ப அந்த வெட் கிரைண்டரை ஏத்திக்கலாமா?"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பா மறுபடியும் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிக்கப் போனார்.