மூழ்கும் வீரரின் இளந்துணைவர்

மாவீரனுக்குத் துணைபோகும் சிறுவரைக் கதைகளில் கண்டிருப்பீர்கள். திருக்கோணமலையில் அக்கதைக்கு மெய்யான முன்னுரை ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்பார் சுவாமி மலையின் அடிக்கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். 1961இல் தென்கிழக்கே கிரேட் பாசஸ் கற்பாறையருகே வெள்ளி நாணயங்களோடு கிடந்த கப்பற்சிதைவை அவர் கண்டபோது, உடன் மூழ்கியோர் 13, 14 வயதினரான இரு சிறுவரே!

அத்தகைய துணைவன் முதலிற் கற்பது வீரமன்று. மேலெழுகையில் மூச்சை அடக்கலாகாது. அடக்கினால் நுரையீரல் கிழியும். தன் மூச்சுக் குமிழிகளை முந்தி எழுதலும் தவறு. வில்சன் நாணயங்களை அள்ளுகையில், பொற்கனவு காணும் வயதினனாகிய சிறுவன் நோக்க வேண்டியதோ அவருடைய காற்றுக் கலத்தை.