பாக்டீரியாவில் எழுதும் ஏடு



சிதம்பரத்தில் நின்று தகவலைக் காப்பது பற்றிப் பேசும் எவரும் தேவார ஏடுகளைச் சொல்லாமல் நகர முடியாது. தேவாரம் பாடிய மூவரின் கை இலச்சினையிட்டுப் பூட்டிய அறையை இராசராசன் திறக்கச் செய்தபோது, ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது என்கிறது திருமுறைகண்ட புராணம். அரித்தது போக எஞ்சியதைத்தான் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். பல ஊர்களில் படியெடுத்து வைத்திருந்தால் இன்னும் எத்தனையோ பதிகங்கள் தப்பியிருக்கும். நான் இன்று சொல்ல வந்த அறிவியலும் படியெடுப்பதைப் பற்றியதுதான்.

டி.என்.ஏ.வுக்கு ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். கணினியின் 0, 1 என்பவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தாலும் 00, 01, 10, 11 என்று நான்குதான் வரும். ஆளுக்கோர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் எந்தக் கோப்பையும் டி.என்.ஏ.வாக எழுதிவிடலாம். 2012இல் ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் குழு ஒரு முழுப் புத்தகத்தையே டி.என்.ஏ.வில் எழுதியது. அது உயிரற்ற டி.என்.ஏ. உயிருள்ள பாக்டீரியாவில் எழுதுவது வேறு காரியம். நல்ல ஊட்டம் கிடைத்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் நாம் எழுதியதையும் சேர்த்தே படியெடுக்கும்.

2017இல் சர்ச்சின் ஆய்வகத்தில் சேத் ஷிப்மனும் உடன் ஆய்வாளர்களும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு மனிதக் கையின் படத்தையும், ஓடும் குதிரையின் அசைபடத்தையும் எழுதினார்கள். குதிரை, 1887இல் வெளியான மைபிரிட்ஜின் புகைப்படத் தொகுதியில் உள்ளது. ஐந்து பிரேம்கள், ஒவ்வொன்றிலும் 36க்கு 26 புள்ளிகள், நாளுக்கு ஒரு பிரேம். தன்னைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வில் ஒரு துணுக்கை வெட்டித் தன் மரபில் பதித்துக்கொள்ளும் கிறிஸ்பர் என்ற ஏற்பாடு இந்தப் பாக்டீரியாவுக்கு உண்டு. புதுத் துணுக்கு வரிசையின் தொடக்கத்தில் போய்ச் சேர்வதால் எது முந்தியது, எது பிந்தியது என்பதும் தெரிந்துவிடும். வைரஸ் துணுக்குக்குப் பதிலாகப் படத்தின் துணுக்குகளை மின்னதிர்ச்சி கொடுத்து உள்ளே செலுத்தினார்கள். எந்த ஒரு செல்லிலும் முழுக் குதிரை கிடையாது. லட்சக்கணக்கான செல்களைப் படித்து, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தியபோது தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சரியாகத் திரும்பக் கிடைத்தது.

தமிழ் மாணவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அதே 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஓர் ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஏட்டில் கண்டு, பாடபேதங்களைச் சீர்தூக்கி மூலத்தை மீட்டவர். 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஜப்பானின் கேயோ பல்கலைக்கழகத்தார் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை எழுதியபோது அவர் வழியில்தான் போனார்கள். மரபணுத் தொகுதியின் பல இடங்களில் அதையே திரும்ப எழுதி வைத்தார்கள். ஓரிடத்தில் எழுத்துப் பிசகினால் மற்ற இடங்களோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்.

மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஈ.கோலையின் சொந்த மரபணுத் தொகுதியே ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள்தான். கணக்கிட்டால் ஒரு மெகாபைட்டைச் சற்றுத் தாண்டும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிது. படியெடுப்பதில் பாக்டீரியாவுக்குப் பிழை குறைவு: முழுத் தொகுதிக்கும் சேர்த்து ஆயிரம் தலைமுறைக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நாம் எழுதியது பாக்டீரியாவுக்குச் சுமை. சுமையை உதறிய செல் வேகமாகப் பெருகி, சுமப்பதை ஒதுக்கிவிடும். ஆகவே பெரிய ஆவணக் காப்பகங்களைப் பாக்டீரியாவில் வைக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. அதற்கு உலர்ந்த டி.என்.ஏ.வே போதும்.

உயிருள்ள செல்லின் பெருமை, தன்னைச் சுற்றி நடப்பதைத் தானே குறித்துக்கொள்வதில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் வாங் குழு 2017இல், செம்பு உள்ளிட்ட மூன்று பொருள்கள் எந்தெந்த நாளில் வந்தன என்பதை ஈ.கோலையைக் கொண்டே பதியச் செய்தது. 2021இல் மின் சமிக்ஞைகளைக் கொடுத்து 72 பிட் தகவலை எழுதியது. அந்தப் பாக்டீரியாவை மண்ணில் கலந்த பிறகும் அதைப் படிக்க முடிந்தது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குக் கடலூர்தான் நினைவுக்கு வந்தது. சிப்காட் ஆலைகளை ஒட்டி ஓடும் உப்பனாற்றில் ஒரு குடுவை நீர் எடுத்துச் சோதித்தால் அந்த நேரத்து நிலை தெரியும். முந்தாநாள் இரவு என்ன கலந்தது என்று அந்தக் குடுவை சொல்லாது. மூடிய கலத்துக்குள் அந்த நீரோடு இருந்து, நாள்வாரியாகக் குறித்துவரும் பாக்டீரியா சொல்லக்கூடும். அதை ஆற்றில் திறந்துவிடக் கூடாது. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு அவசியமானது.

ஆய்வகத்தில் வளர்ந்த ஈ.கோலை உவர்நீரில் நீடிப்பது கடினம். இந்தக் கரையின் உப்புக்கும் சேற்றுக்கும் பழகிய பாக்டீரியாக்கள் பிச்சாவரத்தில் இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் இருக்கிறார்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, அங்கே போய்க் கேளுங்கள். இந்தப் பணியை உங்களில் ஒருவராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.