நிரையை நகர்த்தும் கை



பாடசாலை அதிபர் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் ஓயாத வேலை ஒன்றுண்டு. அதுதான் வரிசைப்படுத்தும் வேலை. வகுப்பு இடாப்பு, நேரசூசி, பரீட்சை மண்டப ஆசன ஒழுங்கு, விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிகள், பரிசு பெறுவோர் பட்டியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இவை யாவும் இன்று கணினியில் அட்டவணைகளாக அமைகின்றன. அட்டவணையிலே குறுக்காக ஓடுவதை நிரை என்றும் நெடுக்காக நிற்பதை நிரல் என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. ஒரு நிரையைச் சுட்டியினாற் பற்றி, மேலேயோ கீழேயோ இழுத்துச் சென்று, வேண்டிய இடத்தில் விட்டுவிடும் வசதி இக்காலத்து மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. பார்வைக்கு இஃது ஓர் அற்ப வசதி. ஆயினும், இதனை அமைப்பவரும் கையாள்பவரும் கருத்திற் கொள்ளவேண்டியவை பல என்பதை ஒரு பரிசளிப்பு விழாவிலே நான் கற்றுக்கொண்டேன். அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கணினி எங்கள் அலுவலகத்துக்கு வருமுன்னர், பட்டியல் தயாரிக்கும் நாளன்று நீண்ட மேசையொன்றை வெறுமையாக்குவோம். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒவ்வொரு கடதாசித் துண்டு. பெயர், வகுப்பு, பரிசின் விபரம் ஆகிய மூன்றும் அத்துண்டிலே இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு நின்று துண்டுகளை அடுக்குவோம். ஒன்றை எடுத்து இரண்டின் நடுவே வைத்தால் மற்றவை சற்று விலகி இடங்கொடுக்கும். எதை எடுத்தோம், எங்கே வைத்தோம் என்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை. கண் முன்னே நடக்கும் காரியமல்லவா?

இந்த மேசையைத் திரைக்குள் கொண்டுவரும் முயற்சி நெடுங்காலத்தது. சுட்டி என்னும் கருவியைக் கண்டவரான டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் அமெரிக்கர், 1968 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிலே அறிஞர் அவையொன்றின் முன் அதனை இயக்கிக் காட்டினார். அன்று அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, கடையில் வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல். அப்பட்டியலை அவையோர் காணவே வகைப்படுத்தி, மாற்றி அடுக்கிக் காட்டினார். 1983 இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் லிசாவும், அடுத்த ஆண்டு வெளிவந்த மக்கின்டோஷும், பொத்தானை அழுத்தியவாறே பொருளை இழுத்துச்சென்று விடுகின்ற பழக்கத்தைப் பொதுமக்களிடையே பரப்பின. கட்டளைச் சொற்களை மனனஞ் செய்யாமல், பொருளையே தொட்டு ஆளும் இம்முறைக்கு ‘நேரடிக் கையாளுகை’ என்று பெயரிட்டவர் பென் ஷ்னைடர்மன் என்னும் பேராசிரியர். 

இனி, பரிசளிப்பு விழாவுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. பரிசு பெறுவோர் பட்டியல் கணினியில் தயாராயிற்று. அச்சிட்ட பட்டியலின் தொடரிலக்கப்படி புத்தகப் பொதிகளைக் கட்டி, மேலே இலக்கங்களை ஒட்டி மேடையில் அடுக்கிவிட்டோம். அன்று மாலை, 12 ஆம் நிரையிலிருந்த மாணவியின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை தென்பட்டது. எங்கள் எழுதுவினைஞர் ஓய்வுபெறும் வயதை அண்மியவர், கடமையிலே கண்ணானவர், ஆனால் அவர் கையில் இலேசான நடுக்கம் உண்டு. பெயரைத் திருத்துவதற்காகச் சுட்டியை அழுத்தினார். கை சற்று அசைந்தது. மென்பொருள் அதனை நகர்த்தும் கட்டளையாகக் கொண்டது. 12 ஆம் நிரை வழுக்கிச் சென்று 19 ஆம் இடத்தில் அமர்ந்தது. அத்தோடு, முதல் நிரலிலிருந்த தொடரிலக்கங்களையும் மென்பொருள் தானே ஒழுங்குபடுத்திவிட்டது. ஒன்று முதல் அறுபது வரை இடைவெளியின்றி இலக்கங்கள் நின்றமையால் எவர் கண்ணுக்கும் தவறு புலப்படவில்லை. அந்தத் திருத்திய பட்டியலே மறுநாள் அறிவிப்பாளரின் கையிற் கிடைத்தது.

ஒரு நிரைதான் இடம்பெயர்ந்தது. ஆனால் 13 முதல் 19 வரை இருந்த ஏழு பெயர்களும் ஒவ்வோர் இடம் மேலேறிவிட்டன. ஆக, எட்டுப் பிள்ளைகளுக்குப் பிறருடைய பொதிகள் கிடைத்தன. கணிதத்துக்குப் பரிசு என்று அறிவிக்கப்பட்ட சிறுவன் பொதியைப் பிரித்தபோது உள்ளே சங்கீத நூல் இருந்தது. அது சிரித்து மறக்கக்கூடியது. ஆனால் 12 ஆவதாக அழைக்கப்படவேண்டிய சிறுமி, மேடைப்படியருகே ஆயத்தமாக நின்றவள், தனக்குப் பின்னால் நின்றவன் மேலேறக் கண்டாள். பின்னர் இன்னொருத்தி. தன் பரிசு மறுக்கப்பட்டதென்று எண்ணி அப்பிள்ளை வரிசையை விட்டு விலகிப்போய் அழுதாள். அவள் பெயர் 19 ஆவதாக ஒலித்தபோது படியருகே எவருமில்லை.

விழா முடிந்தபின் எழுதுவினைஞர் என் முன்னே வந்து நின்றார். “ஐயா, பிழை என்னுடையது. கை நடுங்கிவிட்டது” என்றார். அவர் சொன்னதை அன்று நான் ஏற்றுக்கொண்டேன். இன்று அதனை முழுவதும் ஏற்க என்னால் இயலவில்லை. கை நடுங்கியது உண்மை. ஆனால் நடுங்கும் கைகளும் உலகில் உண்டு என்பதை மென்பொருளை ஆக்கியவர் எண்ணிப்பார்த்தாரா? பட்டியலையும் பொதியையும் வெறும் இலக்கத்தால் மட்டும் இணைத்த நான் எண்ணிப்பார்த்தேனா?

இதனை ஆராயத் தொடங்கியபோது, செய்நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட பழைய மாணவரொருவர் எனக்குப் பலவற்றை விளக்கினார். சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது, அழுத்துவதும் இழுப்பதும் வேறு என்பதைக் கணினி அறிதல் வேண்டும். ஆகவேதான், சுட்டி ஒரு குறித்த தூரம் நகர்ந்த பின்னரே இழுத்தல் தொடங்கியதாகக் கொள்வர். விண்டோசில் இத்தூரம் வழக்கமாகத் திரையின் 4 புள்ளிகள். ‘கியூட்’ என்னும் கருவித்தொகுதியில் 10 புள்ளிகள். உறுதியான கைக்கு இது போதும். நடுங்கும் கைக்குப் போதாது. நிரையின் ஓரத்திலே சிறியதொரு பிடியை அமைத்து, அதனைப் பற்றினாலன்றி நிரை நகராதவாறு செய்வது இன்னும் நன்று.

இரண்டாவது, விடுமிடம் தெளிவாகத் தோன்றவேண்டும். இரு நிரைகளின் நடுவே வைப்பதும், ஒரு நிரையின் மேலேயே வைப்பதும் ஒன்றல்ல. நடுவே வைத்தால் மற்றவை விலகும். மேலே வைத்தால் அங்கிருந்தது அழியும். எக்செல் மென்பொருளில் நிரையின் ஓரத்தைப் பற்றி வெறுமனே இழுத்துவிட்டால், அங்குள்ளதை மாற்றீடு செய்யலாமா என்று அது கேட்கும். ஷிப்ட் விசையை அழுத்தியவாறு இழுத்தால்தான் நடுவே புகுத்தும். கியூட் தொகுதியிலும், அட்டவணைக்கு இயல்பாக அமைந்துள்ள விதி மேலெழுதுவதே. செய்நிரலாளர் நினைவாக அதனை மாற்றவேண்டும். ஜாவா மொழியில், நிரைகளுக்கு நடுவே புகுத்துவதைக் குறிக்கும் முறை 2006 இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. அங்கும் நிரையை உண்மையாக இடம்மாற்றும் வேலை செய்நிரலாளரின் பொறுப்பாகவே இருக்கிறது.

மூன்றாவது, எண்ணிக்கை மயக்கம். மூன்றாம் நிரையை எடுத்து ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவே விடுகிறோம் எனக் கொள்வோம். மூன்றாவதை எடுத்தவுடன் கீழுள்ளவை யாவும் ஒரு படி உயர்ந்துவிடும். எட்டாவதாக இருந்தது இப்போது ஏழாவது. ஆகவே எட்டாம் இடத்தில் வை என்று கணினிக்குக் கூறினால் ஓரிடம் தள்ளி விழும். ஒன்றைக் கழித்தே கூறல் வேண்டும். கீழிருந்து மேலே கொண்டுபோகும்போதோ கழிக்க வேண்டியதில்லை. இச்சிறு கணக்கிலே தவறாத செய்நிரலாளர் அரியர் என்று என் பழைய மாணவர் நகைத்தார்.

நான்காவது, எனக்கு மிகவும் நெருக்கமானது. ஏனெனில் அது நம் இலக்கணத்தோடு தொடர்புடையது. செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளை நன்னூலார் எட்டாக வகுத்தார். அவற்றுள் ஒன்று அடிமறிமாற்று. அவ்வகைச் செய்யுளில் அடிகளை எங்கே மாற்றி வைத்தாலும் பொருள் கெடாது. மற்றொன்று நிரனிறை. அதில் பெயர்கள் ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய பயனிலைகள் மற்றொரு வரிசையிலும் நிற்கும். முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று பொருத்தவேண்டும். ஒரு வரிசை மட்டும் குலைந்தால் செய்யுள் முழுவதும் பொருள் திரியும்.

எங்கள் பட்டியலும் பொதிகளும் நிரனிறையாக நின்றன; நானோ அவற்றை அடிமறிமாற்று என்று எண்ணியிருந்தேன். பெயர் மேடையின் ஒரு பக்கம், புத்தகம் மறுபக்கம், இரண்டையும் இணைத்தது நிற்கும் இடம் ஒன்றே. பிள்ளை பாடசாலையிற் சேர்ந்த நாளில் அவளுக்கு ஒரு சேர்விலக்கம் கொடுக்கிறோம். வகுப்பு மாறினாலும், இருக்கை மாறினாலும் அவ்விலக்கம் மாறுவதில்லை. பொதியின்மேல் அவ்விலக்கத்தை எழுதியிருந்தால், நிரை எங்கே வழுக்கினாலும் புத்தகம் உரியவளையே சென்றடைந்திருக்கும். நல்ல மென்பொருளும் அவ்வாறே, ஒவ்வொரு நிரைக்கும் நிலையான அடையாளம் ஒன்றையும், மாறக்கூடிய வரிசை எண் ஒன்றையும் தனித்தனியே வைத்திருக்கும். வரிசை எண்களை 10, 20, 30 என்று இடைவெளியோடு அமைத்தால், புதிதாக ஒன்றைப் புகுத்த 25 என்பது போதும். எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியதில்லை.

புள்ளிகளின்படி தானாகவே வரிசைப்படுத்தப்பட்ட அட்டவணையிலே, கையால் நிரையை நகர்த்துவதற்குப் பொருள் யாது? இரண்டு எசமானர்களுக்கு ஒரே வேளையில் ஏவல் செய்ய இயலாது. அத்தகைய வேளையில் மென்பொருள் நகர்த்தலை மறுக்கவேண்டும். அல்லது தானியங்கு வரிசை நீங்கிவிட்டது என்று வெளிப்படையாக அறிவிக்கவேண்டும்.

இனி, கைக்கு வருவோம். சுட்டுதலையும் இழுத்தலையும் ஒப்பிட்டு, மக்கென்சி, செலன், பக்ஸ்டன் என்னும் ஆய்வாளர்கள் 1991 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, பொத்தானை அழுத்தியவாறு இழுக்கும்போது வேகம் குறைவதையும் தவறு மிகுவதையும் காட்டியது. பழகிய கைக்கே இவ்வாறெனில், முதுமையாலோ நோயாலோ தளர்ந்த கைக்கு எவ்வளவு துன்பம்! உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆந் திகதி வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.2 ஆம் பதிப்பு, இழுத்தல் மூலம் செய்யும் எக்காரியத்தையும், இன்றியமையாத இடமொழிந்த ஏனையவற்றில், இழுக்காமலே செய்துமுடிக்க வழி இருத்தல் வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது இணையப் பக்கங்களுக்கென வகுக்கப்பட்டது. ஆயினும் அலுவலக மேசையிலுள்ள மென்பொருளுக்கும் பொருந்தாதென்று யார் கூறுவர்? நிரையின் அருகே ‘மேலே’, ‘கீழே’ என்னும் இரு பொத்தான்கள் இருந்தால் போதும். விசைப்பலகையாலும் செய்ய இயலுமாயின் இன்னும் சிறப்பு. வேர்ட் மென்பொருளிலுள்ள அட்டவணையில், ஆல்ட், ஷிப்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியவாறு மேல் அம்புக்குறியை அல்லது கீழ் அம்புக்குறியைத் தட்டினால், நிரை முழுவதும் ஒவ்வொரு படியாக நகரும். தட்டுவதற்கு நடுங்கும் கையும் போதும். தவறிவிட்டால் கன்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்திப் பழைய நிலைக்கு மீளலாம்.

அலுவலகங்களிலே பட்டியல் தயாரிக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அச்சிட்ட பின் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், முழுப் பட்டியலையும் பழைய பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடரிலக்கம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்ளாதீர்கள். மென்பொருள் ஆக்கும் இளைஞர்களுக்கு வேண்டுகோள் ஒன்றே. உங்கள் அட்டவணையைப் பிறர் கையில் கொடுக்குமுன், அறுபது வயதை அண்மிய ஒருவரை அருகிலமர்த்தி அவர் கையால் இயக்கச்செய்து பாருங்கள்.

அடுத்த ஆண்டுப் பரிசளிப்புப் பட்டியலையும் அதே எழுதுவினைஞரே தயாரித்தார். அது அவருடைய கடைசிப் பட்டியல். அம்புக்குறி விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொரு பொதியிலும் சேர்விலக்கத்தைத் தம் கையாலேயே எழுதினார். எழுத்துகள் சற்று நடுங்கியிருந்தன. புத்தகங்கள் யாவும் உரியவர்களையே சேர்ந்தன. முந்திய ஆண்டு அழுத சிறுமி அந்த ஆண்டும் பரிசு பெற்றாள். அவள் மேடையேறும்வரை அவர் பட்டியலைக் கையில் ஏந்தியபடி படியருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.