புறம்போக்கு என்பது யாருடைய நிலம்?

தோட்டத்து எல்லைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடக்கும். ரப்பரும் இருக்காது, செம்பனையும் இருக்காது. லாலான் புல் மண்டியிருக்கும். ஒருவர் நாலு மரவள்ளிக் குச்சியை ஊன்றுவார். அடுத்தவர் மாட்டுக் கொட்டகை போடுவார். சில வருடங்களில் பலகை வீடுகள் எழும்பிவிடும். நிலம் யாருடையது என்று கேட்டால், “அது புறம்போக்குங்க ஐயா” என்று பதில் வரும்.

இந்தச் சொல் நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த சொல். தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் தீர்வைக்கு உட்படாமல் புறத்தே விடப்பட்ட நிலத்துக்கு அப்படிப் பெயர். குளம், சுடுகாடு, மேய்ச்சல் தரை போன்றவை அதில் அடங்கும். அங்கேயும் அது கேட்பாரற்ற நிலம் அல்ல. நம்மோடு சொல் மட்டும் வந்தது, அதன் கணக்கு வரவில்லை.

தீபகற்ப மலேசியாவில் 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது தேசிய நிலச் சட்டம். நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநில நிலம் எது என்று இந்தச் சட்டம் சொல்லும் விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். பட்டா கொடுத்த நிலம், பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய ரிசாப் நிலம், சுரங்க நிலம், ஒதுக்கப்பட்ட காடு முதலியவற்றைக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ளது எல்லாம் மாநில நிலம் என்கிறது. அதாவது, மிச்சத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. இரண்டு தோட்டங்களின் எல்லைக் கல்லுக்கு நடுவே எந்தப் பட்டாவிலும் சேராத பத்தடி ஒதுங்கிக் கிடந்தாலும் அது மாநிலத்துடையது.

ஆற்றின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆறு கரையை அரித்துப் பட்டா நிலத்துக்குள் புகுந்தால், புகுந்த பகுதி அந்தப் பட்டாவிலிருந்து கழிந்து மாநில நிலமாகிவிடும். ஆறு விலகி மணல்திட்டை விட்டுச் சென்றாலோ அதுவும் மாநில நிலமே. ஆறு எடுத்தாலும் கொடுத்தாலும் நமக்கு வரவு இல்லை.

“பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் நிலம் நமக்குத்தானே?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தனியார் நிலத்தைப் பொறுத்தவரை பன்னிரண்டு ஆண்டு அனுபவ பாத்தியம் என்று சட்டம் உண்டு. அரசாங்க நிலத்துக்கு முப்பது ஆண்டு. ஊர்க்கடிதங்களில் அந்தச் செய்தி வந்திருக்கும். ஆனால் இங்கே சட்டத்தின் 48ஆம் பிரிவு, எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மாநில நிலத்தில் உரிமை பிறக்காது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. தனியார் பட்டா நிலத்திலும் நெடுநாள் குடியிருப்பு பட்டாக்காரரின் உரிமையை அழிக்காது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையைத் தழுவியது நம் சட்டம்.

பேராக்கில் காட்டை வெட்டித் திருத்திக் குடியேறிய பல நூறு பேர் நீதிமன்றம் சென்றார்கள். அத்துமீறிக் குடியேறியவர்களுக்குச் சட்டத்தின் பேராலும் உரிமை இல்லை, நியாயத்தின் பேராலும் உரிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் கூறிய தீர்ப்பு 1982இல் வெளியாயிற்று. வேர்வை சிந்தியவர்களை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. அதற்காகத் தீர்ப்பை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்யும் உதவி ஆகாது.

அப்படியானால் அத்தகைய நிலத்தில் முறையாக இருக்க வழியே இல்லையா? உண்டு. நில அலுவலகம் தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ் கொடுக்கலாம். மலாய் மொழியில் ‘லெசென் பெண்டுடுக்கான் செமெந்தாரா’ என்பார்கள். இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

இது ஆண்டு லைசென்ஸ். எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் கடைசியோடு முடிந்துவிடும், புதுப்பிக்கவேண்டும். புதுப்பித்துக் கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அலுவலகத்துக்கு இல்லை. இதை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆனாலும், ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தைக் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கி, ‘லைசென்ஸ் நிலம் வாங்கினேன்’ என்று நம்பும் குடும்பங்கள் இருக்கின்றன. விற்றவரிடம் விற்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் வெறும் அத்துமீறியவர். தண்டனைக்கும் உரியவர்.

வீட்டு வரி ரசீது, மின்சாரப் பில், அடையாளக் கார்டு முகவரி ஆகியவற்றையும் சிலர் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். வையுங்கள், தவறில்லை. எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அவை சாட்சி. பட்டா விண்ணப்பிக்கும்போது எடுத்துக்காட்டலாம். ஆனால் அவை பட்டா ஆகா.

பட்டா விண்ணப்பம் அங்கீகாரமானால் ‘5ஏ’ பாரத்தில் கட்டவேண்டிய தொகையைக் குறித்து அனுப்புவார்கள். குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் அங்கீகாரமே காலாவதியாகிவிடும். கடிதம் மலாயில் இருக்கிறதே என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்துச் சொல்லும். இல்லாவிட்டால் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கொண்டுவாருங்கள். பணம் கட்டியபிறகும் பதிவு முடியும்வரை அது மாநில நிலமாகவே இருக்கும்.

யாரேனும் நிலம் விற்க வந்தால், முன்பணம் கொடுப்பதற்குமுன் அவரிடம் பட்டா எண்ணையும் லாட் எண்ணையும் கேளுங்கள். அவற்றைக் கொண்டு நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தினால், ‘சாரியான்’ என்னும் பதிவேட்டுத் தகவலை யாரும் பெறலாம். எண் சொல்லத் தயங்குகிறவரிடம் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். தோட்ட நிலத்திலும் ஆற்றோரத்திலும் கோயில் எழுப்பியிருக்கும் நிர்வாகக் குழுவினரும் இதைச் செய்து பார்க்கவேண்டும். தோட்டம் கைமாறியபிறகு விசாரிப்பதைவிட, இப்போதே விசாரிப்பது எளிது.

இன்னும் ஒரு செய்தி, குறிப்பாகத் தாய்மார்களுக்கு. லைசென்ஸ் பெற்றவர் இறந்தால் அன்றே அந்த லைசென்ஸும் முடிந்துவிடுகிறது. மனைவிக்கோ மகனுக்கோ அது வாரிசுச் சொத்தாக வராது. கணவர் பெயரில் லைசென்ஸ் இருந்து அவர் காலமாகிவிட்டால், பழைய லைசென்ஸ், மரணச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றோடு நில அலுவலகம் சென்று, உங்கள் சொந்தப் பெயரில் புதிதாக விண்ணப்பம் செய்யுங்கள். விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம்.