கைபேசியும் கல்வியும்: ஒரு பருவத்துப் படிப்பினைகள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி மாநாட்டில் ஆற்றிய உரை)

 

கல்லூரியில் சமூக ஊடகத்தை ஒரு பாடமாக நாங்கள் கற்பித்த பருவம் அண்மையில் நிறைவுற்றது. அதன் படிப்பினைகளை இம்மேடையில் எடுத்துரைக்க வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தனர். கைபேசியை இயக்குவதற்கு நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேவையில்லை. அதில் எம்மினும் அவர்களே வல்லவர்கள். கற்பிக்க வேண்டியவை மூன்று வினாக்களே. இக்கருவி எவருடையது? இதில் வருவதை எவ்வளவு நம்பலாம்? இதில் நாம் எழுதுவது எத்தனை காலம் நிற்கும்?

முதல் வகுப்பில் நாங்கள் கைபேசியைப் பற்றிப் பேசவில்லை. அச்சு இதழ்களைப் பற்றிப் பேசினோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லி இழிவு செய்தனரோ அப்பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைச் சென்னையிலிருந்து வெளியிட்டார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் தொடங்கிய ‘மூக்நாயக்’ என்பதற்கு ஊமைகளின் தலைவன் என்று பொருள். பிறர் இதழ்களில் நம் குரலுக்கு இடமில்லாத காலத்தில், அச்சுக்கூலியும் தாள்விலையும் திரட்டி, சந்தாவை எதிர்பார்த்து நடத்திய இதழ்கள் இவை. இன்று அச்செலவில்லை. ஒரு சிற்றூர் மாணவி எழுதுவதை உலகம் முழுவதும் படிக்கலாம். இவ்வாய்ப்பை நாம் குறைத்து மதிக்கலாகாது. 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தபோது, அவர் எழுதிவைத்த மடலைச் சில நாள்களுக்குள் நாடெங்கும் மாணவர்கள் படித்தனர் எனில், அதற்குச் சமூக ஊடகமும் பெருங்காரணம்.

ஆயினும் அன்றைய இதழ் நம்முடையது. இன்றைய மேடை நம்முடையதன்று. வாட்ஸ்அப் நிறுவனத்தை முகநூல் நிறுவனம் 2014இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. பயன்படுத்துவோரிடம் பெரிதாக ஒன்றும் வாங்காத ஒரு சேவைக்கு இவ்வளவு விலை ஏன் என்று மாணவர்களைக் கேட்டோம். நெடுநேர வாதத்துக்குப் பின் விடையை அவர்களே கண்டனர்: மக்கள் கூட்டமே அங்குச் சரக்கு. ‘தமிழன்’ இதழின் வாசகர் ஒரு பைசா கொடுத்தார். நாம் நம் நேரத்தைக் கொடுக்கிறோம். நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது எதுவோ அதுவே நம் கண்முன் மீண்டும் மீண்டும் வருகிறது. சினமூட்டும் செய்தி நிறுத்திவைப்பதில் வல்லது. ஆகவே, நமக்குச் சினம் வரும்போதெல்லாம் அதனால் இலாபம் அடைபவர் யார் என்று கேட்கப் பழக வேண்டும்.

இரண்டாம் வினா உயிரைப் பற்றியது. 2018இல் குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் தூலே மாவட்டத்து ரெயின்பாடா சிற்றூரில், பிழைப்புக்கு ஊர் ஊராய்த் திரியும் நாடோடிச் சமூகத்தார் ஐவர் மாண்டனர். ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் செய்தியை மறுபகிர்வு செய்ய இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது அதற்குப் பின்னரே. வதந்தி எவரைக் கொல்கிறது என்பதைக் கவனியுங்கள். வழிப்போக்கரையும் ஏழையரையும் வேற்றூராரையுமே கொல்கிறது. நாளை நம் சேரியைப் பற்றியே ஒரு பொய் பரவலாம். ஆதலின், ஐயத்துக்குரிய செய்தியை நம் கையோடு நிறுத்துவது நமக்கு வெறும் நாகரிகமன்று, தற்காப்பு. சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்னும் மூன்றும் தெரியாத செய்தியை அனுப்புவதில்லை என்பதே எம் வகுப்பின் விதியாக இருந்தது.

பருவத்தின் நடுவில் ஒரு மாணவி, “பெயரையும் ஊரையும் மறைத்து எழுதலாமா?” என்று கேட்டார். பின்னூட்டங்களில் வரும் வசைக்கு அஞ்சியே அவர் அவ்வாறு கேட்டார். சீனிவாசனாரின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் விடுதியில் தனியே தங்கிப் பயிலும் ஒரு பெண்ணிடம் அத்துணிவை நாம் கட்டாயமாகக் கேட்க முடியாது. அவர் தனியாக நிற்கவேண்டிய நிலையை நீக்குவதே நம் கடமை. சட்டமும் நம் பக்கம் உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வையில் சாதிப் பெயர் கூறி இழிவு செய்வதைக் குற்றமாக்குகிறது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நம் மக்கள் போற்றும் மறைந்த தலைவர்களை இழித்துரைப்பதையும் குற்றமாக்கியது. இணையத்தில் ஏற்றிய காணொளியும் பொதுப் பார்வையில் உள்ளதே எனக் கேரள உயர்நீதிமன்றம் 2022இல் ஒரு முன்பிணை வழக்கில் கூறியது. எனவே, வசைக்கு வசை எழுதி நம் நேரத்தை இழக்க வேண்டா. அப்பக்கத்தை நாளும் நேரமும் முகவரியும் தெரியப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, சங்கத்தாரிடமும் வழக்கறிஞரிடமும் வாருங்கள்.

மூன்றாம் வினா நினைவைப் பற்றியது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் செயலிக்கு இந்திய அரசு தடை விதித்தது. தடை சரியா தவறா என்பது வேறு வாதம். ஆனால் சிற்றூர் இளைஞர் பலர் அதில் திரட்டிய ஆடலும் பாடலும் பேச்சும் ஓரிரு நாளில் எட்டாதவை ஆயின. இதற்கு மாறாக, பண்டிதர் 1914இல் மறைந்த பின்னும் ‘தமிழன்’ இதழ்ப் படிகளைச் சிலர் பேணிக் காத்தனர். அதனாலன்றோ 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என வெளியிட முடிந்தது! எழுதினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும்.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, சங்கத்தின் பெயரில் ஒரு பக்கம் தொடங்குங்கள். தனியே எழுத அஞ்சும் பிள்ளைகள் அதில் சங்கத்தின் பெயரால் எழுதட்டும். இரண்டாவது, மாலைநேரப் படிப்பகத்தில் வாரம் ஒரு நாள், வந்த செய்திகளை ஆராயும் பயிற்சி நடத்துங்கள். அதில் தாய்மார்களும் அமர வேண்டும். மூன்றாவது, பக்கத்தில் வெளிவரும் நல்ல எழுத்துகளை ஆண்டுதோறும் அச்சிட்டு நூலகத்தில் வையுங்கள்.

இளைஞர்களே, நம் முன்னோர் பைசா பைசாவாகச் சேர்த்துக் குரல் எழுப்பினர். உங்கள் சட்டைப்பையில் அக்குரலுக்கான கருவி கிடக்கிறது. அது உங்கள் நேரத்தைத் தின்பதும் உங்கள் வாழ்வை எழுதுவதும் உங்கள் கையில் உள்ளது. கற்போம், ஆராய்வோம், எழுதுவோம், காப்போம்.

ஜெய் பீம்!