ஓலையும் சிலேட்டும்: தருக்கச் சில்லுகள் இரண்டு

தருக்கச் சில்லு தொழிற்சாலையை விட்டு வரும்போது ஒன்றும் அறியாதது. அதனுள் ஆயிரக்கணக்கான தருக்கப் படலைகள் உள. எதனை எதனோடு இணைப்பது என்பதை வாங்குபவரே தீர்மானிக்கின்றார். தீர்மானித்ததை எழுதிவைக்கும் முறையிலேதான் வேறுபாடு தோன்றுகின்றது.

வீட்டு மின்னுருகி, மின்னோட்டம் மிகும்போது உருகி இணைப்பைத் துண்டிப்பதை நேயர்கள் அறிவர். ஒருவகைச் சில்லில் நடப்பது அதற்கு நேர்மாறு. உயர்ந்த மின்னழுத்தத்தைச் செலுத்தியதும், பிரிந்து நின்ற இரு கடத்திகளுக்கு இடையிலுள்ள மென்படலம் சிதைந்து நிலையான இணைப்பாகின்றது. ஆதலின் இதனை எதிர்உருகி என்பர். எழுத்தாணியால் ஓலையிற் கீறியது போன்றதே இது. பிழை நேர்ந்தால் ஓலையையே எறியவேண்டும்.

மற்றையது, 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சைலிங்க்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த வகை. இணைப்பு விவரம் நினைவகக் கலங்களில் இருக்கும். சிலேட்டிற்போல அழித்து எழுதலாம். புதியன செய்து பார்ப்போர் இதனை விரும்புவதில் வியப்பில்லை. ஆயின் மின்சாரம் நின்றதும் அனைத்தையும் மறந்துவிடும்; ஒவ்வொரு முறையும் புறத்தேயுள்ள நினைவகத்திலிருந்து மீள ஓதுவிக்கவேண்டும். மறவாத பிளாஷ் வகையும் பின்னர் வந்தது.

நிலத்தில் இக்குறை சிறிது. விண்வெளியில் அவ்வாறன்று. கதிர்வீச்சுத் துகள் ஒன்று நினைவகக் கலத்தைத் தாக்கினால் 0 என்பது 1 ஆகிவிடும். சுற்றின் இணைப்பே மாறிப்போகும். எதிர்உருகியின் இணைப்போ புரளாது. செய்மதி அமைப்போர் பலர் ஓலையை நாடியமைக்கு இதுவே காரணம். எனினும், 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி ஊர்திகள் மீளெழுதும் சில்லுகளையும் தாங்கிச் சென்றன. எழுதியதை இடையறாது ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் சிலேட்டையும் நம்பலாம்.

ஓலையை நம்பினால் மட்டும் போதுமா? 1999 மார்ச்சில் நாசா ஏவிய 'வயர்' என்னும் செய்மதியைப் பார்ப்போம். அதன் அகச்சிவப்புத் தொலைநோக்கி உறைந்த ஐதரசனாற் குளிர்விக்கப்பட்டது. மூடியைக் கழற்றும் வெடிகளை இயக்கும் பெட்டியில் இருந்தது எதிர்உருகிச் சில்லே. எழுத்து அழியவில்லை. ஆனால் மின்சாரம் வந்த முதற் கணத்தில், சில்லு நிலைகொள்ளும் முன்னரே, அதன் வெளியீடுகள் தாறுமாறாயின. வெடிகள் வெடித்தன, மூடி முன்கூட்டியே கழன்றது. வெப்பம் புகுந்து ஐதரசன் ஆவியாகி வெளியேற, செய்மதியே சுழலத் தொடங்கிற்று. அவ்வேகத்திற் சில்லை விழிக்கவிடுமுன் வெடிகளின் மின்வழியைத் தடுத்துவைக்க எவரும் எண்ணவில்லை.

தொலைநோக்கி ஒன்றையும் நோக்கவில்லை. திசையறிவதற்கென வைத்த சிறு விண்மீன் கருவியே எஞ்சியது. அதனைக்கொண்டு வானியலார் விண்மீன்களின் ஒளித்துடிப்பைப் பின்னர் அளந்தனர்.