நம் கிணற்று நீரும் நைட்ரேட்டும்



பொதுக்குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக 1927-இல் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் திரண்டனர். பெற்ற நீர் குடிக்கத் தக்கதா என வினவுவதும் அவ்வுரிமையின் பகுதியே.

நம் பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவுகள் நிலத்தடி நீரைக் கெடுத்ததை 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு நாடறியச் செய்தது. அந்நீரின் உவர்ப்பை நாவே காட்டிக்கொடுக்கும். நைட்ரேட்டுக்கோ நிறமில்லை, மணமில்லை. அளவு மிஞ்சிய யூரியா, எருக்குழி, மலக்குழி, தோல் கழிவு ஆகியவற்றிலுள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு இறங்கிக் கிணற்றை அடைகிறது.

காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். அந்நீரில் பால்மாவு கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும். 'காய்ச்சிக் குடியுங்கள்' என்று மட்டுமே இதுநாள்வரை கூறிவந்தோம். அது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதே நம் நாட்டில் வகுத்துள்ள எல்லை. இளைஞர்கள் நம் குடியிருப்புக் கிணறு ஒவ்வொன்றின் நீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவை எழுத்தில் பெற்று வரவேண்டும். எல்லை கடந்திருப்பின், மாற்றுக் குடிநீர் கோரும் விண்ணப்பத்தைச் சங்கமே எழுதும்.